இல்லாத வரைபடத்தை விலைக்கு வாங்குதல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு மாலை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்கம்பங்களில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஃபைபர் கேபிளும் மரத்தோடு அறுந்து விழுகிறது. ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இணையம் ஏறிவரும் வழி அந்த ஒற்றைக் கேபிள்தான் என்றும் வைத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் அப்போது என்ன தெரியும்?

திரை முழுக்கச் சிவப்பு தெரியும். ஜமுனாமரத்தூரில் உள்ள ஓ.எல்.டி. என்னும் தலைமை ஒளிக்கருவி பதில் சொல்லவில்லை என்று ஓர் எச்சரிக்கை. கோவிலூர், வீரப்பனூர், நம்மியம்பட்டு, கானமலை என்று ஊராட்சி அலுவலகங்களில் வைத்திருக்கும் சிறு கருவிகள் எட்டவில்லை என்று தனித்தனியாக எச்சரிக்கைகள். அவற்றை நம்பி இருக்கும் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், இ-சேவை மையம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அதே கேபிளின் வேறு இழைகள் வழியே ஒரு செல்பேசிக் கோபுரத்தின் தகவலும் போய்க்கொண்டிருந்தால், அந்த நிறுவனத்தின் திரையிலும் இதே கலவரம். அறுந்தது ஓரிடத்தில், வந்து குவிந்தவை நூற்றுக்கணக்கில். இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞர் இவற்றில் எதை முதலில் எடுப்பார்?

இவை அத்தனையும் ஒரே மரத்தடியில் போய் முடிகின்றன என்று அவருக்குச் சொல்ல வேண்டிய வேலை ஒரு மென்பொருளுடையது. தொலைத்தொடர்புத் துறையினர் அதை ஓ.எஸ்.எஸ். என்கிறார்கள். எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எதனோடு எது இணைந்திருக்கிறது, எது நலமாக இருக்கிறது, எது நோயுற்றிருக்கிறது என்று வலையமைப்பைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள்களின் தொகுப்பு அது. பில், கட்டணத் திட்டம், வாடிக்கையாளர் புகார் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் உடன்பிறப்புக்கு பி.எஸ்.எஸ். என்று பெயர். செல்பேசியில் நாம் பார்க்கும் நிறுவனத்தின் முகம் விளம்பரமும் சிம் அட்டையும்தான். அந்த நிறுவனம் உண்மையில் நடப்பது இந்த இரண்டு மென்பொருள் கூட்டங்களின் மேல்தான்.

நூறு எச்சரிக்கைகளிலிருந்து ஒரு காரணத்தைப் பிரித்தெடுப்பது கணிதத்தில் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் மேலே எந்தக் கருவி, அதற்கும் மேலே எது என்று ஒரு கிளைப்படம் இருந்தால் போதும். சிவந்து நிற்கும் கிளைகள் எல்லாம் எந்தக் கணுவில் சேர்கின்றன என்று மென்பொருள் மேல்நோக்கி நடந்து பார்க்கும். சேரும் கணுவுக்கும் அதற்கு மேலே பச்சையாக இருக்கும் கணுவுக்கும் இடையில்தான் பழுது. கல்லூரி மாணவர் ஒருவரே எழுதிவிடக்கூடிய நிரல் இது. ஆனால் அந்தக் கிளைப்படம் உண்மையாக இருக்க வேண்டும். போன ஆண்டு சாலை அகலப்படுத்தியபோது கேபிளை வேறு வழியாகத் திருப்பிவிட்டு அதைக் கணினியில் பதியாமல் விட்டிருந்தால், அதே நிரல் அதே திறமையோடு தவறான இடத்தைக் காட்டும்.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்: ஓ.எஸ்.எஸ். வாங்கும்போது விலைப்பட்டியலில் இருப்பது மென்பொருள். வேலை செய்யத் தேவைப்படுவது வலையமைப்பின் உண்மையான வரைபடம். அந்த வரைபடம் விற்பவரிடம் இருக்க வழியில்லை. வாங்குபவரிடம் இருப்பதாக இருவரும் நினைத்துக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள்.

வரைபடம் எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு மலை நல்ல ஆசிரியர். கேபிள் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க ஓ.டி.டி.ஆர். என்ற கருவி இருக்கிறது. இழையின் ஒரு முனையில் ஒளித்துடிப்பு ஒன்றை அனுப்பி, அறுந்த முனையில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு நேரத்தில் வந்தது என்று அது அளக்கும். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஏறத்தாழ 100 மைக்ரோநொடி ஆகும். ஆகவே பழுது இத்தனை கிலோமீட்டரில் என்று சில மீட்டர் பிசகோடு கருவி சொல்லிவிடுகிறது.

அது சொல்வது கேபிளின் நீளம். சாலையின் நீளம் வேறு. கம்பத்துக்குக் கம்பம் கேபிள் தொய்ந்து தொங்குகிறது. பிற்காலப் பழுதுக்குப் பயன்படட்டும் என்று அங்கங்கே சில கம்பங்களில் கூடுதல் கேபிளை வளையமாகச் சுற்றிக் கட்டிவைத்திருப்பார்கள். அதை லூப் என்பார்கள். கொண்டை ஊசி வளைவில் சாலை சுற்றிக்கொண்டு போகும்போது கேபிள் குறுக்கே இறங்கி ஏறியிருக்கும். இத்தனையையும் கணக்கில் சேர்த்தால்தான் 14-ஆவது கிலோமீட்டர் கேபிள் எந்த வளைவின் எந்தக் கம்பத்தில் இருக்கிறது என்று தெரியும். சேர்க்காவிட்டால் வண்டி எடுத்துக்கொண்டு மழையில் ஏறும் ஆட்கள் இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தேடி நடக்க வேண்டும். காட்டுப்பாதையில் அது சின்ன வேலை இல்லை.

லூப் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போகும் அழைப்பு இப்படித்தான் இருக்கும்: “அண்ணே, மீட்டர் பதினாலுன்னு காட்டுது. எந்த இடம்ணே?” மறுமுனையில் இருப்பவர் யோசிக்கவே மாட்டார். “மூணாவது வளைவு தாண்டி பெரிய பாறை ஒண்ணு இருக்கும் சார். அங்க ரெண்டு லூப் விட்டிருக்கோம். பதினாலு அங்கதான் வரும்.” கோடிக்கணக்கில் விலைபோகும் மென்பொருளில் இருக்க வேண்டிய ஒரு வரி அது. அவர் மனத்தில் மட்டும் இருக்கிறது.

அந்த மனங்கள் ஓய்வுபெற்றுப் போகும். பி.எஸ்.என்.எல். நிறுவனத்தில் விருப்ப ஓய்வுத் திட்டத்தை ஏற்று ஏறக்குறைய 78 ஆயிரம் பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். எல்லோரும் 50 வயது கடந்தவர்கள். சம்பளச் சுமை குறைந்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. நிறுவனத்தின் நிதிநிலை அன்றிருந்த நிலையில் அந்த முடிவைக் குறைசொல்வதும் எளிதில்லை. ஆனால் எந்தப் பெட்டியின் எந்த இணைப்பில் எந்தக் கிராமம் இருக்கிறது என்ற அறிவு எவ்வளவு அன்று மாலை வாசலைத் தாண்டிப் போனது என்பதை எந்த வரவுசெலவுக் கணக்கும் காட்டாது. அதற்குப் பிறகு அங்கே எந்த மென்பொருள் வந்தாலும் அந்த வெற்றிடத்தின் மேல்தான் உட்கார வேண்டியிருக்கும்.

இந்தியத் தொலைபேசித் துறை எப்போதும் வெளியில் வாங்கியே பிழைக்கவில்லை. 198-க்கு அழைத்துப் பழுதைப் பதிவுசெய்த தலைமுறைக்கு நினைவிருக்கும், ஒரு காலத்தில் புகார்கள் அட்டைகளிலும் பதிவேடுகளிலும் எழுதப்பட்டன. பின்னர் துறையின் பொறியாளர்களே எழுதிய டாட்சாஃப்ட் போன்ற மென்பொருள்கள் புகாரையும் பில்லையும் கணினிக்குக் கொண்டுவந்தன. எழுதியவரும் பயன்படுத்துபவரும் ஒரே துறை. கிளை அலுவலகத்தில் ஒரு குறை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியும். குறைகளும் உண்டு: வட்டத்துக்கு வட்டம் வேறு மென்பொருள், ஒன்றின் தரவு மற்றொன்றுக்குப் புரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, சண்டிகர், கொல்கத்தா, ஹைதராபாத், புனே ஆகிய இடங்களில் தரவு மையங்கள் அமைத்தபோது பி.எஸ்.என்.எல். வெளியாரின் தயாரிப்புகளுக்கு மாறியது. தமிழ்நாடு தென்மண்டலத்தில், ஹைதராபாதின் கீழ் வந்தது.

உலகளவிலும் கதை அப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் தன் வலையமைப்பைத் தானே கட்டியது. டிர்க்ஸ், எல்மாஸ் என்று அதைக் கவனிக்கும் மென்பொருள்களையும் தானே எழுதியது. 1984 ஜனவரி 1 அன்று பெல் துண்டுகளாகப் பிரிந்தபோது, அந்த மென்பொருள்களில் பல பெல்கோர் என்ற பொது ஆய்வு நிறுவனத்தின் பொறுப்புக்கு வந்தன. அதுவே 1999-இல் டெல்கார்டியா ஆயிற்று. 2012-இல் எரிக்சன் அதை 115 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. ஒரு வீட்டுக்குள் பிறந்த அறிவு சந்தைப் பொருளான வரலாறு இது. வாங்குபவர், விற்பவர் என்ற இரு தரப்பு அப்போதுதான் உருவானது. இருவருக்கும் இடையே ஒரு சுவரும் எழும்பியது.

அந்தச் சுவரைப் பொருளியலாளர்கள் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிலிப் நெல்சன் 1970-இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். வாங்குமுன் பார்த்தே தரம் அறியக்கூடியவை ஒருவகை. துணி, செங்கல் போல. வாங்கிப் பயன்படுத்திய பிறகே தெரிபவை இன்னொரு வகை. ஜவ்வாது மலைச் சந்தையில் ஒரு முழுப் பலாவை வாங்குபவர் தட்டிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், வெட்டும்வரை நிச்சயம் இல்லை. 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாதவை. மருத்துவர் செய்த அறுவைச் சிகிச்சை தேவைதானா என்று நோயாளி குணமான பின்பும் அறிய முடியாது. நம்பிக்கையை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

ஓ.எஸ்.எஸ். எந்த வகை? விற்பவர் செய்முறை காட்டும்போது அது முதல் வகைபோலத் தோன்றும். அவருடைய மாதிரி வலையமைப்பு சிறியது, சுத்தமானது; திரையில் ஒரு கோட்டை அறுத்தால் சரியான இடம் உடனே ஒளிரும். வாங்கிய பின் இரண்டாம் வகை என்று தெரியும். மூன்று ஆண்டு கழித்தும் சரியாக ஓடாதபோது மூன்றாவது வகையாகிவிடும், ஏனென்றால் குற்றம் எங்கே என்று முடிவுசெய்ய இயலாது. “உங்கள் தரவு தவறு” என்பார் விற்றவர். “உங்கள் மென்பொருள் தவறு” என்பார் வாங்கியவர். இருவர் சொல்வதும் ஓரளவு உண்மையாகவே இருக்கும். துறையில் இந்தச் சச்சரவுகள் இத்தனை ஆண்டு நீடிப்பதற்கு நேர்மைக்குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இதன்மேல்தான் நம் ஒப்பந்தப்புள்ளி முறை வந்து அமர்கிறது. டெண்டர் ஆவணத்தில் நூற்றுக்கணக்கான நிபந்தனைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘இணங்குகிறோம்’ அல்லது ‘இணங்கவில்லை’ என்று எழுத வேண்டும். ஒன்றுக்கு ‘இணங்கவில்லை’ என்று எழுதினால் தொழில்நுட்பச் சுற்றிலேயே வெளியேற நேரலாம். எனவே எல்லாரும் எல்லாவற்றுக்கும் இணங்குகிறார்கள். ‘எல்லா நிறுவனக் கருவிகளின் எச்சரிக்கைகளையும் படிக்க வேண்டும்’ என்ற ஒரு வரிக்கு இணங்குவது பேனாவுக்கு ஒரு நொடி வேலை. செய்து காட்டுவது பல மாத வேலை.

ஒரு சின்ன உதாரணம் போதும். ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் ஓ.என்.டி. என்னும் சிறு கருவிக்கு மின்சாரம் நின்றால், உள்ளே மிச்சமிருக்கும் துளி மின்சாரத்தைக் கொண்டு அது அணையுமுன் ஒரு கடைசிச் செய்தி அனுப்பும். பொறியாளர்கள் அதைச் ‘சாகும் மூச்சு’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அந்த மூச்சு கேட்டால் போனது மின்சாரம். கேபிள் ஆட்கள் மலையேற வேண்டாம். மூச்சு கேட்காமல் கருவி மறைந்தால் இழை அறுந்திருக்கலாம். ஆட்கள் போக வேண்டும். காற்றடித்தால் மின்சாரம் போகும் மலையில் இந்த வேறுபாடு ஒரு முழு நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் ஓ.எல்.டி. ஒரு நிறுவனம், ஓ.என்.டி. வேறொரு நிறுவனம், மேலே இருக்கும் மென்பொருள் மூன்றாவது நிறுவனம் என்றால் அந்தக் கடைசி மூச்சு மூன்று கை மாறி முழுதாக வந்துசேருமா? பன்னாட்டுத் தரநிலைகள் உண்டு. அவற்றை ஒவ்வொருவரும் தம் வழியில் படித்திருப்பார்கள். இதை டெண்டர் தாளில் எப்படிச் சோதிப்பது?

பிறகு விலை உறை திறக்கும். எல்லோரும் சமமாக இணங்கியவர்கள். எனவே குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. எல்-1 என்று அவரைச் சொல்வார்கள். எல்லாத் தகுதிகளையும் தாளில் சமமாக்கிவிட்டு விலையை மட்டும் வேறுபடவிட்டால், நன்றாகச் செய்யக்கூடியவர் மெல்ல விலகிப்போவார். தரம் தெரியாத சந்தையில் நல்ல பொருள் வெளியேறிவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து நிறுவியது இங்கே அப்படியே பொருந்தும். மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதல்கள், குறிப்பிட்ட வகைப் பணிகளில் தரத்துக்கும் 30 சதவீதம்வரை மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தன. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அந்த மதிப்பெண்ணை எதைப் பார்த்துப் போடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணி, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜவ்வாது மலையின் ஊராட்சிகளும் அந்த எண்ணிக்கைக்குள் வருபவை. கேபிளில் பெரும்பகுதியை மின்வாரியத்தின் கம்பங்கள் வழியே கொண்டுபோவது திட்டம். முதல் டெண்டர் பெரும் சர்ச்சைக்குள்ளானது. அதன் நிபந்தனைகள் உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்குப் பாதகமானவை என்று கண்டு, அதை ரத்துசெய்து புதிதாகக் கோருமாறு மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2020 ஜூனில் உத்தரவிட்டது. பணி தாமதமானது.

அந்த விவாதத்தின் மையத்தில் இருந்தது யார் பங்கேற்கலாம், எந்தக் கருவிக்கு எந்தத் தகுதி என்பது. பொதுப்பணத்தில் அது முக்கியமான கேள்விதான்; கேட்டவர்கள் சரியாகவே கேட்டார்கள். ஆனால் பத்தாண்டு கழித்து மலைமேல் ஒரு பள்ளியில் இணையம் இருக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகள் வேறு. மின்வாரிய லைன்மேன் சாய்ந்த கம்பத்தை மாற்றும்போது அதில் தொங்கும் ஃபைபரையும் புதுக் கம்பத்துக்கு மாற்றிக் கட்டுகிறார். அவர் வேறு நிறுவனத்தின் ஊழியர். அந்த மாற்றம் டான்ஃபிநெட்டின் வரைபடத்தில் யார் கையால் ஏறும்? எத்தனை நாளில்? ஏறாவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டு நிறுவனங்களின் அன்றாடப் பழக்கத்தைத் தைக்க வேண்டிய இடம் இது. மென்பொருளில் ஒரு படிவம் சேர்ப்பது அதில் கடைசி வேலை.

விற்பவர் பக்கம் நின்று பார்த்தாலும் இந்தத் தொழில் கரடுமுரடானதுதான். ஒரு டெண்டருக்கு மாதக்கணக்கில் ஆட்களை ஒதுக்க வேண்டும். முன்வைப்புத் தொகை, வங்கி உத்தரவாதம் என்று பணம் முடங்கும். வேலை முடிந்தாலும் ஏற்புச் சோதனை முடியாமல் பில் நிற்கும். வாங்குபவர்களோ மிகச் சிலர். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 அலைக்கற்றை உரிமங்களை ரத்துசெய்தபோது புதிய நிறுவனங்கள் பல மூட்டைகட்டின. அவற்றுக்கு மென்பொருள் விற்றவர்களின் வருமானமும் கூடவே போனது. இன்று நாடு முழுதும் செல்பேசிச் சேவை தருபவை ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். என்று நான்கே. நான்கு வாடிக்கையாளர்கள் மட்டும் உள்ள சந்தையில் ஒருவரை இழப்பது கால்பங்கை இழப்பது.

சென்னையில் வளர்ந்த நிறுவனம் ஒன்று இதை ஆரம்பத்திலேயே அனுபவித்தது. இன்று ஸோஹோ என்று எல்லோரும் அறிந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. அதன் முதல் தொழில் வலையமைப்பு மேலாண்மை மென்பொருள். தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களே அதன் வாடிக்கையாளர்கள். 2001 வாக்கில் உலகெங்கும் தொலைத்தொடர்புத் துறை சரிந்தபோது அந்த வாடிக்கையாளர்கள் கரைந்தார்கள். நிறுவனம் தன் அறிவைச் சாதாரண அலுவலகங்களின் கணினி வலைகளைக் கவனிக்கும் மேனேஜ்எஞ்சின் பக்கம் திருப்பியது. சில பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பேசி விற்பதை விட்டு, பல சிறிய வாடிக்கையாளர்கள் தாங்களே பார்த்து வாங்கிக்கொள்ளும் பொருளுக்கு மாறியது. முன்பு பார்த்த வகைகளில் சொன்னால், நம்பி வாங்கும் பொருளிலிருந்து சோதித்து வாங்கும் பொருளுக்கு வந்தது. பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாரத்நெட் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தியமைத்தது. அதில் ஒரு முக்கியமான தொழில்நுட்ப மாற்றம், ஊராட்சிகளை வளையமாக இணைப்பது. ஜமுனாமரத்தூருக்குப் போளூர் வழியாக ஒரு கேபிள், ஆலங்காயம் பக்கமிருந்து இன்னொன்று என்று கற்பனைசெய்யுங்கள். ஒரு பக்கம் அறுந்தால் தகவல் மறுபக்கம் சுற்றிக்கொண்டு போகும். ஊர்மக்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றும் தெரியாது என்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. ஒற்றைக் கேபிள் காலத்தில் அறுந்த உடனே ஊராட்சித் தலைவரும் செயலரும் தொலைபேசியில் சத்தம் போடுவார்கள். மென்பொருள் மோசமாக இருந்தாலும் மக்களே எச்சரிக்கை மணி. வளையத்தில் முதல் அறுப்பு சத்தமில்லாமல் நடக்கும். அதை அறிந்த ஒரே ஆள் மென்பொருள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு 6 முறை அறுகிறது, ஒரு நாளில் சரிசெய்கிறோம் என்று கொள்வோம். ஒரு பக்கம் பழுதாக இருக்கும் நேரம் 365-இல் 6, அதாவது சுமார் 1.6 சதவீதம். இரண்டும் சேர்ந்து பழுதாக இருப்பது அதன் இருமடிப் பெருக்கம்: ஆண்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. அருமையான வலையமைப்பு. இப்போது மென்பொருள் சரியில்லை, ஒவ்வொரு அறுப்பையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய 10 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் பத்து மடங்கு. இருட்டு நூறு மடங்கு. ஆண்டுக்கு ஏறக்குறைய 10 நாள் மலை முழுதும் இணையமற்றுக் கிடக்கும். இரண்டு பக்கமும் தனித்தனியாகத்தான் அறுகும் என்று எண்ணிப் போட்ட கணக்கு இது. ஒரே புயல் இரண்டையும் அறுக்கும் மலையில் நிலைமை இன்னும் மோசம். கேபிளுக்கு இரட்டிப்பாகச் செலவழித்துவிட்டு மென்பொருளிலும் வரைபடத்திலும் சிக்கனம் பார்த்தால், இரண்டாவது கேபிளுக்குக் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி வீணாகிறது.

அப்படியானால் எப்படி வாங்குவது? பதில் ஒன்று இதே மலையில் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு ஏற்ற இடம் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தபோது பெரிய தொலைநோக்கிக்கு உடனே பணம் கட்டவில்லை. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று அங்கே வேலையைத் தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அந்த வானத்தை, அந்த மேகத்தை, அந்த ஈரத்தை ஆண்டுக்கணக்கில் அறிந்த பிறகே 2.3 மீட்டர் தொலைநோக்கி. 1986 ஜனவரி 6 அன்று அது திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை, ஆய்வகம் அவர் பெயரைத் தாங்கியது. கருவியின் திறனைத் தாளில் ஒப்பிட்டு வாங்கியவர்கள் அவர்கள் இல்லை. இடத்தை முதலில் அளந்தார்கள்.

ஓ.எஸ்.எஸ். கொள்முதலில் இதற்கு இணையான வழி, இரண்டு ஒப்பந்தம் போடுவது. முதலாவது சிறியது: ஓர் ஒன்றியத்தின் ஒவ்வொரு கம்பம், ஒவ்வொரு லூப், ஒவ்வொரு இணைப்புப் பெட்டி ஆகியவற்றை நடந்துபோய்ப் பதிவது. அந்த வேலைக்கு ஓய்வுபெற்ற லைன்மேன்களையும் உள்ளூர் இளைஞர்களையும் சம்பளம் கொடுத்து அழைக்க வேண்டும். ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடி இளைஞர்கள் அந்தத் தடங்களை எந்த ஆலோசனை நிறுவனத்தைவிடவும் நன்கு அறிந்தவர்கள். பதிந்த தரவு வாங்குபவரின் சொத்து. இரண்டாவது ஒப்பந்தம் மென்பொருளுக்கு. போட்டியிடும் இருவர் மூவரிடம் அந்த உண்மைத் தரவைக் கொடுத்து, உண்மை மலையில் ஓர் இழையைக் கழற்றி, ஒரு கருவியின் மின்சாரத்தை நிறுத்தி, யார் திரையில் என்ன தெரிகிறது என்று பார்ப்பது. தர மதிப்பெண்ணைப் போட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. சோதனைக்கு விற்பவருக்கு ஆகும் செலவை வாங்குபவரே தர வேண்டும். இல்லாவிட்டால் பெரிய நிறுவனங்கள் மட்டுமே போட்டியில் மிஞ்சும்.

உரிமக் கட்டணத்தை எதன்மேல் கணக்கிடுவது என்பதையும் முன்பே பேசித் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் எண்ணிக்கைமேல் கணக்கிட்டால் மலைக்குச் செலவு குறையும், ஆனால் விற்பவருக்கு அங்கே கவனம் செலுத்தக் காரணமிருக்காது. கருவி எண்ணிக்கைமேல் கணக்கிட்டால், ஆள் குறைவாகவும் கம்பம் அதிகமாகவும் உள்ள மலை ஊராட்சி சென்னைத் தெருவைவிடத் தலைக்குப் பல மடங்கு விலையாகும். மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகை என்று பேசுவதே நியாயமாகப் படுகிறது.

எந்த ஒப்பந்தமும் எதிர்காலம் முழுவதையும் எழுதி முடிக்காது. ஆலிவர் ஹார்ட்டுக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த முழுமையின்மையை ஆராய்ந்ததற்காக. எழுதாமல் விட்ட இடத்தில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. ஓ.எஸ்.எஸ். ஒப்பந்தங்களில் அந்த உரிமை பெரும்பாலும் விற்றவரிடம் போய்விடுகிறது. ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் தனி விலை. தரவு அவருடைய வடிவத்தில் பூட்டிக் கிடப்பதால் வேறொருவரிடம் போகவும் முடியாது.

பிரியும்போது என்ன நடக்கும் என்று யோசிக்காததன் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை நேரில் பார்த்தது. ஏர்செல் 1999-இல் இங்கே தொடங்கிய நிறுவனம். நெடுங்காலம் இங்கே அதுதான் பெரியது. 2018 பிப்ரவரியில் கோபுர நிறுவனங்களுடனும் பிற நிறுவனங்களுடனும் இருந்த நிலுவைச் சிக்கலில் சேவை தடுமாறி, பல ஊர்களில் டவரே கிடைக்காமல் போனது. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போகும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கான அந்த மைய மென்பொருளை நடத்த அமைந்த நிறுவனத்தில் டெல்கார்டியாவுக்குப் பங்கிருந்தது. மைய மென்பொருளில் குறையில்லை. ஆனால் மாற விரும்புபவர் தன் செல்பேசியிலிருந்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு குறியீட்டெண் வாங்க வேண்டும். அனுப்ப ஏர்செல் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாததால்தான் அவர் மாறவே விரும்புகிறார். ஏர்செல் கடைகளின் முன் கூட்டம் திரண்டது. வங்கிக்கும் ஆதாருக்கும் அந்த எண்ணையே கொடுத்திருந்தவர்கள் தவித்தார்கள். பின்னர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட்டு மாற்றுவழியில் குறியீட்டெண் தர ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

வெளியேறும் வழி, விட்டு வெளியேற வேண்டிய அதே அமைப்பின் உள்ளே வைக்கப்பட்டிருந்தது. ஓ.எஸ்.எஸ். வாங்கும் எந்த நிறுவனமும் கையெழுத்துக்கு முன் தேட வேண்டிய பிழை இது. வரைபடத் தரவு முழுவதையும் பொது வடிவத்தில் மாதம் ஒருமுறை வாங்குபவரின் சொந்தக் கணினியில் எழுதிவைக்க வேண்டும் என்றும், அந்தப் பிரதியைக் கொண்டு வேறொரு மென்பொருள் இயங்குகிறதா என்று ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும் என்றும், சோதனை தோற்றால் அந்த ஆண்டின் பராமரிப்புத் தொகையை நிறுத்திவைக்கலாம் என்றும் மூன்று வரி எழுதினால் போதும். விற்பவர் அந்த மூன்று வரிக்குக் கூடுதல் விலை கேட்பார். கொடுத்துவிடலாம்.